அட்டையில் பெயர் இல்லாத கை

மும்பை மாட்டுங்காவில் ஒரு பெரியவர் வீட்டில்தான் அந்த எல்பி ரெக்கார்டை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தேன். சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் சம்பளத்தில் ஒரு பங்கை ரெக்கார்டு கடையில் விட்டுவிட்டு வருவாராம். மாமி அதை இன்னும் மறக்கவில்லை என்பது, காபி டம்ளரை அவர் முன்னால் வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"முன்னாடி படத்தைப் பாக்காதே. பின்னாடி திருப்பு. யார் யார் வாசிச்சிருக்கான்னு படி" என்றார்.

படித்தேன். பாட்டும் மவுத் ஆர்கனும் ஜூனியர் வெல்ஸ். பேஸ் கிட்டார் ஜாக் மையர்ஸ். டிரம்ஸ் பில்லி வாரன். கிட்டார் என்ற இடத்தில் மட்டும் 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று போட்டிருந்தது.

"இது என்ன மாமா, பேர் மாதிரியே இல்லையே?"

"பேர்தான். முந்தாநாள் நீ யாரைக் கேட்டுட்டு வந்தே?"

விளங்குவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. ஃப்ரெண்ட்லி என்றால் சிநேகமான, சாப் என்றால் ஆசாமி. அதையே வேறு இரண்டு ஆங்கிலச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். பட்டி, தோழன். கை, ஆள். பட்டி கை (Buddy Guy), முந்தாநாள் நான் கேட்ட அமெரிக்கக் கிட்டார்காரர்! முகமூடி போட்டுக்கொண்டு, அதன் மேல் தன் போட்டோவையே ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு புனைபெயர்.

(தமிழில் எழுதினால் இந்தப் பெயர் இன்னொரு வேடிக்கை காட்டுகிறது. பட்டி என்றால் நமக்குச் சிற்றூர். கை என்றால் கை. லூசியானாவில் ஒரு பட்டிக்காட்டில் பிறந்து, கைவேலையால் பேர் வாங்கிய மனிதருக்கு நம் எழுத்தில் விழும் பெயர்தான் கூடுதல் பொருத்தம் என்று நினைக்கிறேன்.)

இது 2011 பிப்ரவரியில். அதற்கு இரண்டு நாள் முன்புதான் பாந்த்ராவில் மெஹபூப் ஸ்டுடியோவில் நடந்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) விழாவில் பட்டி கையை நேரில் கேட்டுவிட்டு வந்திருந்தேன். ஆபீஸ் நண்பனிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருந்தது. எனக்கும் ப்ளூஸுக்கும் அதுவரை இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். 74 வயது மனிதர், மேடையை விட்டு இறங்கி, வாசித்துக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்து வந்தார். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, கம்பியை மேலே தள்ளி, அது கதறும்வரை விடாமல், அப்புறம் அதைப் பார்த்துத் தானே சிரித்து... மறுநாள் மதியம்வரை காதுக்குள் ரீங்காரம் போகவில்லை. பெரியவரிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் ரெக்கார்டை வைத்து, ஊசியை இறக்கினார். அதில் கேட்ட கிட்டார் எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. சத்தமே இல்லை. பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி, குரல் நின்றால் நாலு சொல், குரல் வந்தால் மௌனம். முந்தாநாள் பார்த்த ஆளும் இதுவும் ஒன்றா? அந்தக் கேள்வியை அன்றைக்குப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. இந்தக் கட்டுரை அதன் பாக்கி.

ரெக்கார்டின் பெயர் 'ஹூடூ மேன் ப்ளூஸ்'. ஹூடூ என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே புழங்கிய வேர், தாயத்து, மந்திரித்தல், செய்வினை எல்லாம் சேர்ந்த ஒரு சங்கதி. நமக்கு விளக்கவே வேண்டாம். சிகாகோவின் டெல்மார்க் என்ற சின்ன கம்பெனி அதை வெளியிட்டது. பதிவு நடந்தது 1965 செப்டம்பர் 22, 23 ஆகிய இரண்டே நாளில்.

டெல்மார்க்கை நடத்திய பாப் கோஸ்டர் ஒரு ரெக்கார்டு கடைக்காரர். கடையில் வரும் லாபத்தைப் போட்டு, தனக்குப் பிடித்தவர்களைப் பதிவு செய்வார். நகரின் தென்பகுதியில் இண்டியானா அவென்யூவும் 48-ஆம் தெருவும் சேரும் இடத்தில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் 'தெரசாஸ்' என்ற மதுக்கடை இருந்தது. ஜூனியர் வெல்ஸ் அங்கே ஆஸ்தான வித்வான். அங்கே கேட்ட இசை ஏன் எந்த ரெக்கார்டிலும் இல்லை என்பதுதான் கோஸ்டரின் மனக்குறை.

இல்லாததற்குக் காரணம் இருந்தது. சிகாகோவின் மின்கிட்டார் ப்ளூஸ் அதுவரை ஜூக்பாக்ஸுக்காகச் செய்யப்பட்டது. காசு போட்டால் ஒரு பாட்டு, மூன்று நிமிஷத்துக்குள் முடியவேண்டும். ப்ளூஸில் எல்பி என்று வந்தவை பெரும்பாலும் அப்படிப்பட்ட தனிப்பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த மூட்டைகள். ஒரு குழுவை ஸ்டுடியோவுக்குள் கூட்டி வந்து, "மதுக்கடையில் ராத்திரி எப்படி வாசிப்பீர்களோ அப்படியே வாசியுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்" என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. கோஸ்டர் சொன்னார். விற்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் அவர் கம்பெனியில் அதிகம் விற்ற ரெக்கார்டாக அதுதான் நின்றது.

புனைபெயருக்கு வருவோம். பட்டி கை அப்போது செஸ் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருப்பதாகக் கோஸ்டர் நினைத்தார். செஸ் பெரிய இடம். மடி வாட்டர்ஸ், ஹவுலின் வுல்ஃப், சக் பெரி எல்லோரும் அங்கேதான். எதற்கு வம்பு என்று அட்டையில் சிநேகமான ஆசாமியைப் போட்டுவிட்டார். பிந்தைய அச்சுகளில் உண்மைப் பெயர் வந்துவிட்டது.

அந்தச் செஸ் கம்பெனியில் பட்டி கைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று தெரிந்தால்தான் இந்த ரெக்கார்டு புரியும்.

1936-இல் லெட்ஸ்வர்த் என்ற ஊரில், அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். பருத்திக் காடு. ஜன்னல் கொசுவலையிலிருந்து கம்பியை உருவி இழுத்துக் கட்டி வாசித்துப் பழகியவர். 1957 செப்டம்பர் 25 அன்று ரயிலில் சிகாகோ வந்து இறங்கினார். அந்தத் தேதியைத் தன் இரண்டாவது பிறந்தநாள் மாதிரிப் பேட்டிகளில் சொல்வார். வந்த இடத்தில் வேலை இல்லை, சாப்பாடு இல்லை. பட்டினியாக ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது மடி வாட்டர்ஸ் வந்து, தன் காரில் உட்காரவைத்து, சலாமி வைத்த சாண்ட்விச் கொடுத்தாராம். "இனி எனக்குப் பசி இல்லை" என்ற பொருளில் ஏதோ சொன்னதாக அவரே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பார்க்க வேண்டுமென்று ஏங்கிய ஆளே எதிரில் வந்து சோறு போட்டால் பசி எங்கே இருக்கும்.

1960-இலிருந்து செஸ்ஸில் வேலை. வேலை என்றால் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசிப்பது. கோகோ டெய்லர் பாடினால் இவர் கிட்டார். சன்னி பாய் வில்லியம்சன் பாடினால் இவர் கிட்டார். தன் பெயரில் தனிப்பாட்டுகள் வந்தன, ஆனால் மேடையில் அவர் வாசிக்கிற விதத்தில் அல்ல. மேடையில் அப்போதே நீண்ட ஒயரை மாட்டிக்கொண்டு வாசித்தபடி தெருவுக்கு நடந்து போவார், ஆம்ப்ளிஃபையரை ஊளையிட வைப்பார். முதலாளி லெனர்ட் செஸ்ஸுக்கு அது வெறும் இரைச்சல். குறைத்து வாசி, அடக்கி வாசி. பகலில் பட்டி கை லாரி ஓட்டினார், பழுதான கார்களை இழுத்துப் போகிற லாரி. 1960-களின் பிற்பகுதி வரைக்கும் அந்த வேலை இருந்தது.

இங்கே ஒரு ரெக்கார்டைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்'. 1963 செப்டம்பரில் பதிவு, மறு வருஷம் வெளியீடு. அந்த நாளில் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கிராமியப் பாட்டு மோகம் வந்திருந்தது. அதைக் காசாக்க, மின்சாரம் இல்லாத வெறும் கிட்டாரில் மடியை வாசிக்கவைக்க வேண்டும் என்று செஸ்ஸுக்கு யோசனை. கூட வாசிக்க மிசிசிப்பியிலிருந்து ஒரு கிழவரைக் கூட்டி வா என்றார்களாம். மடி கூட்டி வந்தது 27 வயதுப் பட்டி கையை. இவனுக்கு என்ன தெரியும் என்று முதலாளிகள் முகம் சுளித்ததாகவும், வாசிக்கத் தொடங்கியதும் வாயடைத்துப் போனதாகவும் பட்டி கை சொல்வார். அவர் கதை சொல்வதில் சமர்த்தர், கொஞ்சம் உப்பு காரம் சேர்த்திருக்கலாம். ஆனால் ரெக்கார்டு சாட்சி சொல்கிறது. பேஸில் வில்லி டிக்சன், டிரம்ஸில் கிளிஃப்டன் ஜேம்ஸ். அதில் முதல் பாட்டில் மடி ஒரு வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கும் இடத்தைக் கேளுங்கள். அந்த மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது. இரண்டு கிட்டார்களில் எது மடி, எது பட்டி என்று பிரிக்க எனக்குப் பல மாதம் ஆயிற்று. சில இடங்களில் இன்னும் ஆகவில்லை.

ஆக, அடக்கி வாசிக்க அவருக்குத் தெரியும். ஆனால் செஸ்ஸில் அது உத்தரவு. கோஸ்டரிடம் உத்தரவு போட யாரும் இல்லை. கிட்டாரை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். கதவைத் திறந்துவிட்ட அந்த இடத்தில்தான் மனிதர் தானாகவே குரலைத் தாழ்த்தினார். மாட்டுங்காவில் எனக்கு ஏமாற்றமாகக் கேட்டது அதுதான்.

ஏன் தாழ்த்தினார்? ஜூனியருக்காக.

ஜூனியர் வெல்ஸைப் பற்றி ஒரு கதை அந்த ரெக்கார்டு அட்டையிலேயே இருக்கிறது, அவர் வாயாலேயே. சின்னப் பையனாக இருந்தபோது அடகுக் கடையில் ஒரு மவுத் ஆர்கனைப் பார்த்தார். விலை இரண்டு டாலர். பள்ளிக்கு மட்டம் போட்டு, சோடா வண்டியில் ஒரு வாரம் வேலை செய்தார். வாரக் கடைசியில் கையில் வந்தது ஒன்றரை டாலர். கடைக்காரர் குறைக்கவில்லை. அவர் அந்தண்டை நகர்ந்ததும், பையன் ஒன்றரை டாலரை மேஜையில் வைத்துவிட்டு மவுத் ஆர்கனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். வழக்கு நீதிமன்றம் வந்தது. ஏன் எடுத்தாய் என்று நீதிபதி கேட்க, அது எனக்கு வேண்டியிருந்தது என்றான். சரி, வாசித்துக் காட்டு என்றார். வாசித்தான். நீதிபதி தன் சட்டைப்பையிலிருந்து அரை டாலரை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

அவர் வாசிப்பில் அந்தப் பையன் கடைசிவரை இருந்தான். அவருக்கு முந்தைய மவுத் ஆர்கன் மேதை லிட்டில் வால்ட்டர், மைக்கைக் கைக்குள் பொத்தி வைத்து, சாக்ஸஃபோன் மாதிரிப் பெரிதாக ஊதுவார். 1952-இல் வால்ட்டர் மடியின் குழுவை விட்டுவிட்டு ஜூனியரின் குழுவை எடுத்துக்கொண்டார், ஜூனியர் மடியிடம் போய்ச் சேர்ந்தார். வீடு மாற்றிக்கொண்ட மாதிரி. அப்போது ஜூனியருக்கு 18 வயது முடியவில்லை. ஆனால் வால்ட்டரின் பாணியை அவர் நகல் எடுக்கவில்லை. இந்த ரெக்கார்டில் அவர் மவுத் ஆர்கனை வாசிக்கும் நேரம் வியப்பாகக் குறைவு. இரண்டு ஊது, ஒரு உறிஞ்சு, அப்புறம் நாக்கால் ஒரு 'டொக்', தொண்டைக்குள் ஒரு உறுமல், ஒரு கள்ளச் சிரிப்பு. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டு ஆளை மயக்குகிற வேலை. இப்படி ஒருவர் வெற்றிடங்களை வைத்து விளையாடும்போது, பக்கத்தில் இருப்பவர் அந்த வெற்றிடத்தை நிரப்பினால் ஆட்டம் முடிந்தது.

ப்ளூஸின் சட்டகம் சின்னது. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு), 12 பார் (தாளத்தின் ஒரு சுற்று). நான்கு நான்கு பாராக மூன்று வரி. முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவதில் முடிச்சுப் போடுவது வழக்கம். ஒவ்வொரு வரியிலும் குரலுக்கு ஏறக்குறைய இரண்டு பார்தான் வேலை. மிச்ச இரண்டு பார் காலி. அந்தக் காலி இடத்தில்தான் கிட்டார் பதில் சொல்லும். எல்லா ப்ளூஸ் கிட்டார்காரரும் இதைச் செய்வார்கள். பலரும் இரண்டு பாரையும் ஸ்வரத்தால் அடைத்துவிடுவார்கள், ஏனென்றால் கிடைப்பதே இரண்டு பார்.

'ஷிப்ஸ் ஆன் தி ஓஷன்' என்ற மெதுவான பாட்டில் பட்டி கை என்ன செய்கிறார் பாருங்கள். ஜூனியர் வரியை முடிக்கிறார். உடனே பதில் வருவதில்லை. ஒரு துடிப்பு போகிறது. பேஸ் தனியாக நடக்கிறது. நாம் குனிந்து காது கொடுக்கிறோம். அப்போது மெல்லிய மேல்கம்பியில் மூன்றே ஸ்வரம், மூன்றாவதை முழுசாகக்கூடச் சொல்லாமல் பாதியில் விட்டுவிடுகிறார். அதை ஜூனியரின் குரல் எடுத்து முடிக்கிறது. கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வாய்ப்பாட்டுக்காரர் விட்டதை வயலின் அப்படியே திருப்பிச் சொல்வது ஒன்று. அவர் எங்கே விடப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்து, அங்கே போய்க் காத்திருப்பது இன்னொன்று.

இந்தக் குழுவில் பியானோ இல்லை, இரண்டாவது கிட்டாரும் இல்லை. அதைக் கணக்கில் எடுத்தால் இந்தச் சிக்கனம் இன்னும் துணிச்சலாகத் தெரியும். நாலு பேர். அதில் ஒருவர் கையை எடுத்தால் கூரையே தெரியும். பேஸ் வாசித்த ஜாக் மையர்ஸைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, ஆனால் அவர் கால் தரையில் ஊன்றியிருந்ததால்தான் மற்றவர்கள் காற்றில் நடந்தார்கள்.

முதல் பாட்டு 'ஸ்னாட்ச் இட் பேக் அண்ட் ஹோல்ட் இட்' வேறு சங்கதி. அது ப்ளூஸா என்றே சந்தேகம் வரும். 1965-இல் ஜேம்ஸ் பிரவுன் புதிதாக ஒரு தாளத்தைக் கண்டுபிடித்து நாட்டையே ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாளத்தை ஜூனியர் அப்படியே தெரசாஸின் நிலவறைக்குள் இழுத்து வந்துவிட்டார். இங்கே பட்டி கையின் வேலை பதில் சொல்வது அல்ல, கொத்துவது. வலது கை ஓயாமல் போய்வருகிறது, இடது கை பாதி நேரம் கம்பியை அமுக்கிச் சத்தத்தைக் கொல்கிறது. கிட்டாரைத் தாளவாத்தியமாக வாசிப்பது. மதுக்கடையில் ஆட வந்தவர்களுக்கு வாசித்துப் பழகிய கை என்பது இதில்தான் தெரியும்.

அப்புறம் அந்த ஆம்ப்ளிஃபையர் விவகாரம். பதிவின் நடுவில் பட்டி கையின் ஆம்ப்ளிஃபையர் படுத்துவிட்டது. ஸ்டுடியோ வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. சவுண்ட் இன்ஜினியர் ஸ்டூ பிளாக், மூலையில் கிடந்த ஹாமண்ட் ஆர்கனின் லெஸ்லி ஸ்பீக்கரைப் பார்த்தார். லெஸ்லி என்பது ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒலியை வெளியேற்றும் கொம்பு மோட்டாரில் சுழலும். நம் பக்கம் திரும்பும்போது சுருதி ஒரு மயிரிழை ஏறும், விலகும்போது இறங்கும். கடந்து போகிற ரயிலின் ஊதல் மாறுகிறதே, அதே தத்துவம். மாதா கோயில் ஆர்கன் மாதிரி ஓர் அலைவு வருவதற்காகச் செய்தது. ஸ்டூ பிளாக் கிட்டார் ஒயரை எடுத்து அதில் இணைத்துவிட்டார்.

பெரியவர் அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கி, "இப்போ கேளு" என்றார். ரெக்கார்டின் பெயரைத் தாங்கிய பாட்டு. கிட்டார் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது. கிட்டாரா ஆர்கனா என்று சொல்லமுடியாத ஒரு நடுக்கம், செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒருவன் புலம்புகிற பாட்டுக்கு நடுவில். திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. ஜூனியர் இதை 1953-லேயே ஒரு முறை ஸ்டேட்ஸ் என்ற கம்பெனிக்குப் பாடியிருக்கிறார். அவருக்கும் முன்னால் ஜான் லீ வில்லியம்சன் 1946-இல் பாடியது. (சன்னி பாய் என்ற பெயரை முதலில் வைத்திருந்தவர் இவர். செஸ்ஸில் பாடியவர் அதே பெயரை வைத்துக்கொண்ட இன்னொருவர்.) ஜான் லீ 1948-இல் சிகாகோவின் தென்பகுதியிலேயே கொல்லப்பட்டார். இந்த ரெக்கார்டில் உள்ள 'குட் மார்னிங் ஸ்கூல்கேர்ள்' கூட அவருடையதுதான். பழைய பாட்டு, புதிய குரல், கெட்டுப்போன ஆம்ப்ளிஃபையர்.

எல்லாப் பாட்டும் இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். 'ஹவுண்ட் டாக்' வரும்போது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஜாஸ் கிட்டார்காரர் கென்னி பர்ரெலின் ஒரு மெட்டை எடுத்து வாசித்திருப்பது சுவாரசியம்தான், ஆனால் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கடையில் கூட்டம் குறைந்தபிறகு வாசிக்கிற வகை.

இந்த ஜோடி அதற்கப்புறமும் கால் நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்தும் பிரிந்தும் வாசித்தது. 1966-இல் வான்கார்டு கம்பெனி சிகாகோ ப்ளூஸைத் தொகுத்து வெளியிட்டபோது முதல் தொகுதியில் இவர்கள் உண்டு. 1970-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் ஐரோப்பியப் பயணத்தில் முன்கச்சேரி செய்தார்கள். ஊர் ஊராக ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரப் பிள்ளைகள், பெரும்பாலானோருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது.

அதே வருஷம் மயாமியில் ராக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் முன்னின்று இவர்களைப் பதிவு செய்தார். அட்லாண்டிக் ரெக்கார்டு கம்பெனியின் முதலாளி அஹ்மத் எர்டெகன், ஒலிப்பதிவில் கைதேர்ந்த டாம் டவுட், பியானோவில் டாக்டர் ஜான் என்று பெரிய ஜமா. பணம் இருந்தது, நேரம் இருந்தது, பக்தி இருந்தது. ஆல்பம் முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, வேறு குழுவோடு எடுத்த இரண்டு பாட்டைச் சேர்த்து ஒருவழியாக 1972-இல் வெளியிட்டார்கள். கெட்ட ரெக்கார்டு இல்லை. ஆனால் காலி இடங்களில் எல்லாம் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு ரிதம் கிட்டார், இங்கே ஒரு சாக்ஸஃபோன். விருந்தாளி அதிகமான கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ள இடம் இல்லாத மாதிரி.

லெனர்ட் செஸ் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. 1960-களின் கடைசியில் கிளாப்டனும் ஹெண்ட்ரிக்ஸும் இதே 'இரைச்சலை' வைத்து உலகத்தைக் கலக்கியபோது, லெனர்ட் பட்டி கையைக் கூப்பிட்டனுப்பினாராம். அந்த ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டி, குனிந்து நின்று, "இவ்வளவு நாள் இதைத்தான் நீ கொடுக்கப் பார்த்தாய், நான்தான் முட்டாள், என்னை உதை" என்றாராம். இதுவும் பட்டி கை சொல்லும் கதைதான்.

ஜோடியின் இன்னொரு ரெக்கார்டைச் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. 1981-இல் பாரிஸில், இவர்கள் இருவர் மட்டும், பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை, மின்சாரக் கிட்டார் இல்லை. முதலில் பிரான்ஸில் சின்னதாக வந்தது. 1991-இல் சிகாகோவின் அலிகேட்டர் கம்பெனி கூடுதல் பாட்டுகளோடு 'அலோன் அண்ட் அக்கூஸ்டிக்' என்று வெளியிட்டது. அந்த 1981-இல் பட்டி கையின் பெயரில் அமெரிக்காவில் பெரிய கம்பெனி எதுவும் ரெக்கார்டு போடத் தயாராக இல்லை. அந்த நிலையில் இருக்கிற ஒரு மனிதர், தன்னைக் காட்டிக்கொள்ள எல்லா நியாயமும் உள்ளவர், இதில் திரும்பவும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஜூனியர் மவுத் ஆர்கனை எடுத்தால் கிட்டார் வெறும் கால்தாளமாகச் சுருங்குகிறது. பட்டி பாடினால் ஜூனியர் அதே மரியாதையைத் திருப்பிச் செய்கிறார். இரண்டு கிழவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, இறந்துபோன ஆட்களைப் பற்றிப் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். அப்போது இருவருக்கும் ஐம்பதுகூட ஆகவில்லை.

1991 பட்டி கையின் வருஷம். லண்டனில் எடுத்த ஆல்பத்தில் ஜெஃப் பெக், கிளாப்டன், மார்க் நாப்ளர் எல்லோரும் வந்து வாசித்தார்கள், கிராமி கிடைத்தது, அதற்கப்புறம் அவர் எங்கே போனாலும் கூட்டம். நான் மும்பையில் பார்த்தது அந்தப் பட்டி கையை. ஜூனியரோடு சேர்ந்து வாசிப்பது குறைந்துகொண்டே போனது. 1993-இல் சிகாகோவில் பட்டி கையின் சொந்தக் கிளப்பான 'லெஜண்ட்ஸ்' மேடையில், அவையோர் முன்னால், இருவரும் வெறும் கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக வாசித்ததை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஜூனியர் 1998 ஜனவரி 15 அன்று இறந்தபின், அந்த வருஷமே அது வெளிவந்தது. துல்லியத்தில் பாரிஸ் பதிவுக்குக் கிட்டே வராது. ஆனால் பாட்டுக்கு நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அதற்காகவே அடிக்கடி போடுவேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது பெரியவரிடம் ரெக்கார்டை இரவல் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. வாங்கி உறையில் போட்டு, அலமாரியில் அதன் இடத்தில் செருகி, கதவைச் சாத்தினார்.

"அது இங்கேதான் இருக்கும். நீ வா" என்றார்.

மும்பையை விட்டு வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். ஊசி இறங்கியதும் அவர் வால்யூமைப் பாதிக்கும் கீழே வைப்பார், பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கக்கூடாது என்று. அந்த ரெக்கார்டுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. மாமி டம்ளர் வைக்கும் சத்தம் மட்டும் கடைசிவரை குறையவில்லை.